குடும்ப உபயோகத்துக்கு மட்டும்

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எனக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டான் லிங்கேஸ்வரன்.

அம்மாவாசி வந்தது பேரனின் காதுகுத்துக்குப் பேனர் அடிக்க. ஃபிளக்ஸ் கடையில் நீள அகலம் கேட்பார்கள், போட்டோ கேட்பார்கள், கொடுத்த போட்டோ மங்கலாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்வார்கள். முறை கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் போர்டைப் பார்த்தார். 'ஸ்ரீ லிங்கா டிஜிட்டல்ஸ், கோம்பை' என்றுதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நீ மேலத்தெரு. நான் கீழத்தெரு. இதுல என்னப்பா முறை?"

"யோசிச்சுப் பாருங்க. எங்கிட்டாவது ஒண்ணு வரும்."

"வரலன்னா?"

"வரலன்னா பேனரு அடிக்க முடியாது."

லிங்கேஸ்வரனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் நேர்மையாக இருப்பது என்று முடிவு செய்திருந்தான், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கொஞ்ச நாள் முன்புவரை அவன் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த டிசைன் சாப்ட்வேர், யாரோ எப்போதோ பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றியது. தேனியிலிருந்து கம்பம் வரை எல்லாக் கடைகளிலும் அதே பென் டிரைவ்தான் ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கிள்ளுகிற மாதிரி.

அப்புறம் ஒரு சேதி வந்தது. தேனியில் ஒரு ஃபிளக்ஸ் கடைக்குள் அதிகாரிகள் புகுந்து, திருட்டுச் சாப்ட்வேர் வைத்திருந்ததற்காகக் கம்ப்யூட்டரை எடுத்தார்களாம், பிரிண்டிங் மிசினை எடுத்தார்களாம், டிசைன் பண்ணுகிறவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேரையும் எடுத்தார்களாம். அந்தக் கடை எது, எந்தத் தெரு என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சேர் போனதை நேரில் பார்த்தவர்கள் கோம்பையிலேயே நாலு பேர் இருந்தார்கள்.

லிங்கேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய மிசின், அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை விற்று வாங்கியது. அது போனால் அவனிடம் தோட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. மறுநாளே பழைய சாப்ட்வேரை அழிக்கச் சொன்னான். முறைப்படி ஒன்று வாங்கலாம் என்று விலை பார்த்தான். தோட்டத்தை இன்னொரு தடவை விற்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. பண்டிகைத் தள்ளுபடி. அசல் சாப்ட்வேர், வீட்டுப் பதிப்பு, குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடுகிற காசுக்கு. லிங்கேஸ்வரன் வாங்கிவிட்டான். வந்து சேர்ந்த நீளமான நம்பரைத் தாளில் எழுதிச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை மாடத்தில் ஒட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். உலகத்தில் யாரும் செய்யாத ஒரு காரியத்தையும் அவன் செய்தான். அதன் விதிமுறைகளை முழுவதும் படித்தான்.

இங்கிலீசில் இருந்ததைப் போனிலேயே போட்டுத் தமிழாக்கிப் படித்தான். பாதிக்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே ஒரு இடம் மட்டும் பளிச்சென்று விளங்கியது. 'இம்மென்பொருள் தங்களது சொந்தக் குடும்ப நிகழ்வுகளின் பொருட்டு மட்டுமே. அந்நியர்களின் நிகழ்வுகளுக்குப் பயன்படுத்துவோர் உரிமத்தை இழப்பர்.' முதல் தடவை உட்கார்ந்து படித்தவன் இரண்டாம் தடவை எழுந்து நின்று படித்தான்.

யோசிக்க யோசிக்க அவனுக்குத் தெம்பு வந்தது. கோம்பையில் ஃபிளக்ஸ் அடிப்பதே குடும்ப நிகழ்வுக்குத்தான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. ஆக, நிகழ்வில் கோளாறு இல்லை. குடும்பத்தில்தான் கொஞ்சம் கோளாறு. அடுத்தவன் குடும்பமாக இருக்கிறது. அதைச் சரிசெய்தால் போதும்.

டிசைன் வேலை பார்க்கும் ஹேமாவதி அக்காவைக் கூப்பிட்டான். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தேனியில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். பேச்சு கம்மி. கையில் எந்நேரமும் போன் இருக்கும். சீரியல் பார்க்கிறார் என்று லிங்கேஸ்வரனுக்கு உள்ளூர ஒரு குறை உண்டு. ஆனால் சொன்ன நேரத்துக்குப் பேனர் அழகாக வந்துவிடுவதால் ஒன்றும் சொல்வதில்லை.

"அக்கா, இனிமே அந்நிய ஆளுக பேனரு நம்ம கடையில கெடையாது. அந்நியமா யாரும் வந்தாகன்னா என் பேரையும் போட்டோவையும் உள்ள போட்டு, ஏதாச்சும் ஒரு உறவாக்கிருங்க. நெசமாவே உறவா இருந்தா போட வேண்டாம். அது ரூல்படி ஏற்கெனவே சரியா இருக்கு."

"சரி தம்பி. அந்தச் சாப்ட்வேரு விசயமா நானும் ஒண்ணு சொல்லணும்."

லிங்கேஸ்வரன் சட்டென்று உதட்டில் விரல் வைத்தான். கண்ணால் கம்ப்யூட்டரைக் காட்டினான். அதன் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முந்தாநாள் ஹேமாவதி அந்த நம்பரை அடித்ததிலிருந்து அப்படித்தான் சுற்றுகிறது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவன் கணக்கு. வீட்டில் அவன் மனைவி சுபாஸ்ரீ மூட்டு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு அவள் போனில் தைல விளம்பரம் வரிசைகட்டி வந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். போனுக்கே காது இருக்கும்போது கம்ப்யூட்டருக்கு இருக்காதா என்ன.

இதெல்லாம் அம்மாவாசிக்குத் தெரியாது. அவர் பாவம், பல தலைமுறைக்கு ஆள் ஆளாக நினைத்துப் பார்த்தார். ஒரு முறையும் வரவில்லை. கடைசியில் சோர்ந்துபோய்ச் சொன்னார்:

"எங்க மருமக முத்துப்பேச்சிக்குக் கூடப் பொறந்தவுக யாரும் இல்லப்பா. பிள்ளைக்கு மடி குடுக்கத் தாய்மாமன் இல்லையேன்னு அழுதுக்கிட்டுத் திரியுது. வேணும்னா நீ அண்ணனா இருந்துக்க."

"ஆகா, வாங்க மாமா" என்றான் லிங்கேஸ்வரன், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, சத்தமாக.

பேனர் பிரமாதமாக வந்தது. மூலையில், சுருளி அருவியில் கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த அவன் படம். கீழே, 'தாய்மாமன் லிங்கேஸ்வரன்'.

அந்த வார்த்தையை அவன் இரண்டு தடவை படித்தான். அவனுக்கும் ஒரு தங்கச்சி உண்டு, அனுசுயா. குமுளிக்காரன் சசிதரனைத்தான் கட்டுவேன் என்று நின்று, கட்டி, சுருளிப்பட்டியில் குடியிருக்கிறாள். கல்யாணத்துக்கு இவன் போகவில்லை. அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அவளுக்கு ஒரு பையன் பிறந்ததை வாட்சப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவள் வைக்கிற ஸ்டேட்டஸை முதல் ஆளாகப் பார்ப்பது இவன்தான். முதல் ஆளாகப் பார்ப்பது யார் என்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருவரும் வாய் திறக்கவில்லை. வீம்பில் அந்தக் குடும்பமே அப்படி.

அம்மாவாசி பேனர் ஊரில் நின்றதும் கடைக்கு வருகிறவர்களுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. லிங்கா கடையில் பேனர் வேண்டுமென்றால் வாசலிலேயே முறை சொல்லிக்கொண்டு நுழைய வேண்டும். "சித்தப்பா, ஒரு பேனரு" என்று அவனைவிட இருபது வயது மூத்தவர் நுழைவார். "வாடா மகனே" என்று இவன் வரவேற்பான். சின்னமனூரிலிருந்து உரக்கம்பெனி ஆள் ஒருவர் போர்டு எழுத வந்து, முறை கேட்டதும் பயந்து பைக்கைக்கூட எடுக்காமல் ஓடினார்.

சோணையம்மாள் என்று ஒரு மூதாட்டி, வாழ்ந்து முடித்து நிறைவாகப் போய்ச் சேர்ந்தாள். மகன் வேல்பாண்டி கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வந்தார். துக்க வீட்டில் முறை கேட்டு இம்சை பண்ணக்கூடாது என்று லிங்கேஸ்வரன் தானே 'பேரன்' என்று போட்டுக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் வேல்பாண்டியிடமிருந்து போன் வந்தது. திருப்பூரிலிருக்கும் பேரன் வரத் தாமதமாகிறது, நெய்ப்பந்தம் பிடிக்க ஒரு கை குறைகிறது, பேனரில் ஒரு பேரன் அதிகமாக இருக்கிறானே, அவனை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

மறுத்தால் பேனர் பொய்யாகிவிடும். பேனர் பொய்யானால் சோணையம்மாள் அந்நியம். அந்நியமானால் உரிமம் போச்சு, மிசின் போச்சு. லிங்கேஸ்வரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ப் பந்தம் பிடித்தான். புகை கண்ணில் ஏறித் தாரை தாரையாகக் கொட்டியது.

"சொந்தப் பேரனுக கூட இப்பிடி அழுகலயே" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் மதியம் அனுசுயாவிடமிருந்து போன் வந்தது. திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்று எடுத்தான்.

"அண்ணே, நாந்தேன். பிள்ளைக்கு வர்ற வளர்பிறை முகூர்த்தத்துல வீரபாண்டி கோயில்ல வச்சுக் காது குத்துறோம். மடி நீதான் தரணும். நீ வரலன்னா காது குத்தவே மாட்டேன், அப்பிடியே வளரட்டும்."

"வாரேன் ஆத்தா" என்றான்.

"பேனரும் உன் கடையிலதான் அடிக்கணும். எனக்கும் அண்ணன் இருக்காகன்னு எங்க வீட்டு ஆளுக எல்லாரும் பாக்கணும்."

போனை வைத்துவிட்டு மிசினுக்குப் பின்னால் போய் நின்று அழுதான். ஹேமாவதி எட்டிப் பார்த்தார். மிசின் சூடு கண்ணைக் கரிக்கிறது என்றான். அனுசுயா பேனரை மட்டும் உயிரைக் கொடுத்துச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டான். அவர் போனிலிருந்து தலையை எடுக்காமல் சரி என்றார்.

"தம்பி, இப்பவாச்சும் அந்தச் சாப்ட்வேரு விசயத்தக் கேளுங்களேன்."

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. லிங்கேஸ்வரன் கும்பிட்டுக் கெஞ்சி அவர் வாயை அடைத்தான்.

மறுநாள் மாரிசெல்வம் வந்தான். அவனிடம் ராஜா என்று ஒரு கோம்பை நாய் உண்டு. மதுரையில் நடந்த நாய்க் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்திருந்தது. பாராட்டிப் பேனர் வேண்டும். இது குடும்ப நிகழ்வில் வராது என்றான் லிங்கேஸ்வரன். மாரிசெல்வத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, ராஜா எனக்குப் பிள்ள மாதிரி. எங்க வீட்ல சோறு போட்டா மொதல்ல அதுக்குத்தான், அப்பறந்தான் எனக்கு."

மாரிசெல்வம் அண்ணே என்கிறான். ராஜா அவனுக்குப் பிள்ளை. அப்படியென்றால் ராஜாவுக்கு லிங்கேஸ்வரன் என்ன வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பேனர் பஸ் ஸ்டாப்பில் நின்றது. 'வாழ்த்துகிறோம் ராஜா! இவண், பெரியப்பா லிங்கேஸ்வரன்.'

சுபாஸ்ரீ காய் வாங்கப் போனவள் காய் வாங்காமல் கடைக்கு வந்தாள். வந்தவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, நீங்க நாய்க்குப் பெரியப்பா. அப்ப நான் யாரு?"

லிங்கேஸ்வரன் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தான்.

"பெரியம்மா" என்றான்.

அன்று மதியம் அவனுக்குச் சோறு வந்தது. குழம்பு வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் நாய் உறவோடு போயிருக்கும். ஆனால் அம்மாவாசி தாம்பூலத் தட்டோடு வந்தார். பின்னால் மருமகள் முத்துப்பேச்சி. தாய்மாமனை முறைப்படி அழைக்க வந்திருக்கிறார்கள். பேனரைப் பார்த்ததிலிருந்து தெருவில் எல்லோரும் முத்துப்பேச்சியிடம், உனக்கு இப்படி ஒரு அண்ணன் இருப்பதைச் சொல்லவே இல்லையே என்று கேட்கிறார்களாம். அந்தப் பெண் கண் நிறைந்து நின்றாள்.

"வந்துருவீகள்லண்ணே?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. தட்டை வாங்கிக்கொண்டான். எந்தக் கோயில், என்றைக்கு என்று அப்புறம்தான் கேட்டான். வீரபாண்டி கோயில். அனுசுயா சொன்ன அதே முகூர்த்தம்.

லிங்கேஸ்வரன் அந்தத் தட்டை வைத்த இடத்தில் இன்னும் இரண்டு தட்டுகள் வந்து சேர்ந்தன. சொந்த மச்சானோடு தகராறு உள்ள ஒரு வீடு, மச்சான் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வீடு. லிங்கா கடையில் பேனர் அடித்தால் தாய்மாமனும் சேர்த்துக் கிடைக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆர்டர் கொடுத்தவர்கள். வளர்பிறையில் அந்த மாதம் உருப்படியான முகூர்த்தம் அது ஒன்றுதான். எல்லோருக்கும் அதே நாள், அதே கோயில்.

சாப்ட்வேர் கம்பெனிக்கே எழுதிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். 'தாய்மாமன் என்று பேர் மட்டும் போட்டால் போதுமா, சீரும் செய்ய வேண்டுமா?' அனுப்பிய நிமிடமே பதில் வந்தது. 'தங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்.' காத்திருந்தான். கடைசிவரை அவன் முக்கியமானவனாகவே இருந்தான்.

சுபாஸ்ரீயைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய், கம்ப்யூட்டருக்குக் கேட்காத தூரத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னான். இந்த மூன்று வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டுத் தங்கச்சியிடம் மட்டும் போகச் சொன்னாள் அவள். சொன்னால் அத்தனை பேனரும் பொய்யாகிவிடும் என்றான். அப்படியென்றால் பழைய திருட்டுச் சாப்ட்வேரே மேல் என்றாள். அப்போது திருட்டு ஒன்றுதான் இருந்தது, இப்போது பிள்ளைகுட்டியோடு நாலு குடும்பம் இருக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னான்.

கடைசியில் நாலு பேருக்கும் சீர் வாங்கினார்கள். நாலு வாழைத்தார், நாலு கூடைப் பன்னீர் திராட்சை, கடுக்கன், சட்டை. சட்டை எல்லாம் ஒரே துணியில் வெட்டியது. சுபாஸ்ரீ வாய் ஓயவில்லை. அவளுடைய தம்பி பிள்ளைக்கு இத்தனை வருசத்தில் இந்த மனிதர் ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்ததில்லை.

முகூர்த்தத்தன்று மினி லாரியில் சீரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தட்டுத் தூக்க ஆள் பற்றாமல் ஹேமாவதி அக்காவையும் கூட்டிக்கொண்டார்கள். அனுசுயாவின் பேனரை அவள் மாமனார் வீட்டு ஆட்கள் முந்தின நாளே கடைக்கு வந்து சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். சீர் வாங்குகிற அலைச்சலில் லிங்கேஸ்வரன் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கோயில் ரோட்டில் இறங்கியதும் அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. வரிசையாகப் பேனர்கள். எல்லாவற்றிலும் கூலிங் கிளாஸோடு அவன். முடிக்காணிக்கைக்கு வந்த ஒரு கிழவி நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"இந்தாளுக்கு எத்தன தங்கச்சி?" என்று பக்கத்தில் கேட்டாள்.

லிங்கேஸ்வரன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். மற்ற மூன்றையும் விறுவிறுவென்று முடித்துவிட்டு, கடைசியாகத் தங்கச்சியிடம் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொள்வது. முதலில் அம்மாவாசி பேரன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை மடியில் உட்கார்ந்தது. ஆசாரி காது குத்தினார். முத்துப்பேச்சி காலில் விழுந்தாள். அவளைத் தூக்கி நிறுத்தியபோது அவனுக்கே, இந்தப் பெண் உண்மையில் யார், எந்த ஊர் என்பதெல்லாம் ஒரு கணம் மறந்துவிட்டது. நல்லா இரு ஆத்தா என்றான். மனசாரத்தான் சொன்னான்.

அடுத்த பிள்ளைக்கும் அதே ஆசாரி. அவர் ஊசியை எடுத்தவர் நிமிர்ந்து, "மறுபடியும் நீங்களா?" என்றார். மூன்றாவது பிள்ளை வேட்டியை நனைத்துவிட்டது. ஆசாரி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆசாரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ஈர வேட்டியும் மூன்று வீட்டுச் சந்தனமுமாக லிங்கேஸ்வரன் தங்கச்சியைத் தேடி ஓடினான். வேப்பமரத்துப் பக்கம், தன் வீட்டுப் பேனருக்குக் கீழே அனுசுயா நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு இவன் மூக்கு. ஸ்டேட்டஸில் பார்த்ததைவிடப் பெரிய மூக்கு.

அவள் வா என்று சொல்லவில்லை. பேனரைக் காட்டினாள்.

ஹேமாவதி சொன்னபடி உயிரைக் கொடுத்துத்தான் செய்திருந்தார். அத்தனை அழகு. குமுளி மாமனார், மாமியார், சசிதரனின் அண்ணன், அண்ணன் மச்சான், பக்கத்து வீட்டு ஏலக்காய்க் கடைக்காரர் வரை எல்லோரும் இருந்தார்கள். லிங்கேஸ்வரன் மட்டும் இல்லை. கூலிங் கிளாஸ்கூட இல்லை.

"ரோடு பூராம் பாத்துக்கிட்டே வந்தேண்ணே" என்றாள் அனுசுயா. "ஊருக்கெல்லாம் நீ தாய்மாமன். என் பிள்ளைக்கு மட்டும் ஒண்ணுமில்ல. எங்க வீட்டாளுக கேக்காக, உங்கண்ணன் இன்னும் கோவத்துலதான் இருக்காகளான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

லிங்கேஸ்வரன் தட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்த ஹேமாவதியைப் பார்த்தான்.

"அக்கா, இதுல என் பேரு எங்கக்கா?"

"நீங்கதான தம்பி சொன்னீக. நெசமாவே உறவா இருந்தா போட வேண்டாம், ரூல்படி ஏற்கெனவே சரியா இருக்குன்னு."

"என்ன ரூலு?" என்றாள் அனுசுயா.

வேறு வழி இல்லை. நட்டநடுக் கோயிலில், வேட்டியைப் பிழிந்துகொண்டே, லிங்கேஸ்வரன் முதலிலிருந்து சொன்னான். தேனியில் பிளாஸ்டிக் சேர் போனது, தோட்டம் விற்ற மிசின், பிரியாணிக் காசுத் தள்ளுபடி, அந்நியர் கூடாது என்ற விதி, நெய்ப்பந்தம், நாய், மூன்று தட்டு. மிசினைக் காப்பாற்றத்தான் ஊருக்கெல்லாம் மாமனானேன், உன் பிள்ளைக்கு நான் மாமன் என்பதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன் என்றான். கடைசியில் மூக்கை உறிஞ்சினான்.

"நாய்க்குமா?" என்றாள் அனுசுயா.

"பெரியப்பா" என்றாள் சுபாஸ்ரீ. "நான் பெரியம்மா."

சசிதரன் இதுவரை மாப்பிள்ளைக்கு உரிய விறைப்போடு தள்ளி நின்றவர், கிட்டே வந்து, மச்சானை மலையாளத்தில் கூப்பிட்டு, "அளியா, இதெல்லாம் உள்ளதுதானா?" என்று பயபக்தியோடு கேட்டார். லிங்கேஸ்வரன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அனுசுயாவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரித்தாள். சின்ன வயதில் தோட்டத்தில் இவன் வாய்க்காலில் வழுக்கி விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை வருசம். லிங்கேஸ்வரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் மடியில் அவள் பிள்ளையைத் தூக்கி வைத்தாள். ஈரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆசாரி வந்தார். லிங்கேஸ்வரனைப் பார்த்தார்.

"இது கடைசியா, இன்னும் இருக்கா?"

"இது மட்டுந்தாங்க நெசம்" என்றான்.

காது குத்தும்போது பிள்ளை அழவில்லை. மாமனின் சட்டைப் பையிலிருந்த கூலிங் கிளாஸைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுததெல்லாம் மாமன்தான். குமுளி ஆட்கள் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். பேனரில் பெயர் இல்லாத குறை அத்தோடு தீர்ந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அனுசுயா ஹேமாவதிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இத்தன பேத்த எங்கண்ணனுக்குச் சொந்தமாக்கி விட்ட அந்தச் சாப்ட்வேர நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும்க்கா" என்றாள்.

ஹேமாவதி போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"எனக்கும் பாக்கணும்னுதான் ஆச. நம்ம கம்ப்யூட்டரு பழசு, அதுல ஏறவே மாட்டேன்னு அந்த வட்டம் இன்னைக்கு வரைக்கும் சுத்திக்கிட்டே கெடக்கு. இத்தன பேனரையும் நான் இந்தப் போன்லதான செஞ்சு குடுத்துக்கிட்டிருக்கேன்."